குறையில்லாத ஷூவுக்கு ஒரு புகார்

1

நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து பத்து வருடம் ஆகிவிட்டது. ஊரில் இருப்பவர்கள் இதைப் பெரிய சாதனை என்கிறார்கள். என்னைக் கேட்டால் கால்வலி என்றுதான் சொல்வேன். பத்து வருடமும் ஆஸ்பத்திரி வார்டில் நின்றபடியே போயிருக்கிறது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது, எழுந்தால் உட்கார நேரம் இருக்காது.

நான் நர்ஸ். வேலூரில் படித்து, அங்கேயே சில வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவள். என் வீட்டுக்காரர் தயாளன், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார். சோல் ஒட்டுவதிலிருந்து பெட்டியில் போடுவது வரைக்கும் அவர் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். இங்கே ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் அவரிடம் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை. "என் பொண்டாட்டி விசாவுல தொத்திக்கினு வந்தவன் நானு" என்று சர்ச்சில் எல்லாரிடமும் சிரித்துக்கொண்டே சொல்வார். முதல் ஓரிரு வருடம் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. இப்போது அவர் அதைச் சொல்லும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

மகள் ஷீபா ஏழு வயதில் வந்தாள், இப்போது பதினேழு. சனிக்கிழமைகளில் ஒரு பேக்கரியில் வேலைக்குப் போகிறாள். அவள் தமிழில் பேச ஆரம்பித்தால் பாதி வழியில் வண்டி இங்கிலீஷுக்குத் திரும்பிவிடும். கோபம் வந்தால் முழுக்க இங்கிலீஷ். ஆகவே அவள் தமிழில் பேசினால் நாங்கள் இருவரும் நிம்மதியாக மூச்சுவிடுவோம்.

பத்தாவது வருடம் என்று சர்ச்சில் கேக் வெட்டினோம். அன்றைக்கு ஷீபா தன் முதல் சம்பளத்தில் அவள் அப்பாவுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கி வந்தாள். பிரவுன் தோல், லேஸ் வைத்தது, பெரிய கடையில் வாங்கியது. கிடங்குக்கு அவர் போடுவது அவர்கள் கொடுக்கும் இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ். சர்ச்சுக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு பழைய கறுப்பு ஷூ. அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குச் சகிக்கவில்லையாம்.

இவர் பெட்டியைத் திறந்ததும் காலில் போட்டாரா? இல்லை. கவிழ்த்துப் பார்த்தார். கட்டைவிரலால் ஓரத்தை அழுத்திக்கொண்டே ஒரு சுற்று வந்தார். முன்பாதியை மடக்கினார், மூக்கருகே கொண்டுபோனார்.

"டாடி, போட்டுப் பாருங்க. செக் பண்ணாதீங்க" என்றாள் ஷீபா.

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்துவிட்டு, "நல்ல மாலும்மா" என்றார், கம்பெனியில் சரக்கைச் சொல்வதுபோல. வலதுகால் ஷூவை உடனே கீழே வைத்தவர், இடதுகால் ஷூவை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் கையில் வைத்திருந்தார். அதை நான் பார்த்தேன்.

2

ஷூ வாங்கிய மூன்றாவது ஞாயிறு மழை. இந்த ஊரில் மழை என்று தனியாக எழுத வேண்டியதே இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். சர்ச் முடிந்து நடந்து வரும்போது இவர் இடதுகாலை ஒரு மாதிரி இழுத்து வைத்தார். சுளுக்கா என்று கேட்டேன். பேசாமல் வா என்று கண்ணைக் காட்டினார். ஷீபா முன்னால் தோழியோடு போய்க்கொண்டிருந்தாள். குனிந்து பார்த்தேன். இடது ஷூ மூக்குப் பக்கம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது, உள்ளே சாக்ஸ் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் முதலில் அவர் சொன்னது, ஷீபாவிடம் சொல்லாதே என்பதுதான். முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்திருக்கிறாள், மனசு உடைந்துவிடும் என்றார். சரி, அவளுக்குத் தெரியாமல் நாமே கடையில் கொண்டுபோய்க் கொடுப்போம், பில் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்றேன். அதற்கும் மாட்டேன் என்றார்.

"கம்ப்ளைண்ட்டுன்னு குடுத்தா அது கடையோட நிக்காது எஸ்தரு. சுத்திச் சுத்திப் போய், எங்கயோ டேபிள்ல சொல்யூஷன் தடவிக்கினு நிக்கிறான் பாரு ஒருத்தன், அவன் தலையிலதான் விடியும்."

ஷூவின் நாக்கைத் தூக்கி, செய்த நாட்டின் பெயர் அச்சிட்டிருந்ததைக் காட்டினேன். அது இந்தியாவில் செய்ததே இல்லை. வேறு ஏதோ நாடு. "நம்ம ஊர் மாலே இல்லீங்க இது" என்றேன்.

"அங்கயும் ஒருத்தன் நிப்பான் இல்ல?" என்றார்.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. கம்ப்ளைண்ட் என்ற வார்த்தையை அவர் கேட்டதெல்லாம் மறுபக்கத்திலிருந்து. ஆம்பூரில் அவர் கம்பெனியில், வெளிநாட்டிலிருந்து ஒரு ஜோடி ஷூ பிளாஸ்டிக் பையில் திரும்பி வரும். மேஜை மேல் வைப்பார்கள். யாரோ ஒரு வெள்ளைக்காரர் எங்கோ ஒரு மழையில் நடந்ததற்கு ஆம்பூரில் இருபது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எந்த லாட், எந்த ஷிஃப்ட், யார் ஒட்டியது என்று தோண்டுவார்கள். கிடங்கில் இருக்கும் மிச்சச் சரக்கை எல்லாம் பிரித்து மறுபடி பார்க்க வேண்டும். அப்படி ஒரு பை வந்த வாரம்தான் நாங்கள் வேலூர்ப் பக்கம் அமிர்திக் காட்டுக்குப் போவதாக இருந்தோம். ஷீபாவுக்கு அப்போது நாலு வயது. புளிசாதம் கட்டி, தண்ணீர் பாட்டில் எடுத்து, மான் பார்க்கப் போகிறோம் என்று அவள் வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டு நின்றாள். கம்பெனியிலிருந்து ஆள் வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமையும் வேலை. புளிசாதத்தை அவர் கேரியரில் கட்டிக்கொண்டு போனார். குழந்தை அன்று முழுக்க அழுதது.

ஆகவே கம்ப்ளைண்ட் கொடுப்பது அவருக்கு ஒரு ஆளைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி. எனக்கு அப்படி இல்லை. எனக்குக் காசு கொடுத்தால் பொருள் நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு நைட் டியூட்டி. சண்டை போட உடம்பில் தெம்பு இல்லை. எக்கேடோ கெடட்டும் என்று விட்டுவிட்டேன்.

3

அடுத்த சனிக்கிழமை டியூட்டி முடிந்து காலையில் வீட்டுக்கு வந்தேன். ஷீபா பேக்கரிக்குப் போயிருந்தாள். பின்பக்கக் கொட்டகையிலிருந்து சீட்டி சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் சீட்டி அடித்து எத்தனையோ காலம் ஆகிறது. யாரோ வேறு ஆள் என்றே நினைத்துவிட்டேன்.

போய்ப் பார்த்தால், மனுஷர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தன் பழைய உலகத்தில் இருக்கிறார். நியூஸ்பேப்பர் விரித்திருக்கிறது. சொல்யூஷன் டப்பா, உப்புத்தாள், பழைய சைக்கிள் டியூபை நீளநீளமாக வெட்டியது. கையில் ஷீபாவின் ஹேர் ட்ரையர். பசை சூட்டில் இளகினால்தான் பிடிக்குமாம். தோலின் வழவழப்பைத் தேய்க்காமலே அவசரத்தில் ஒட்டியிருக்கிறார்கள், அதனால்தான் விட்டுவிட்டது என்று எனக்குப் பாடம் எடுத்தார். நான் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த பெண், எனக்குத் தூக்கம்தான் வேண்டும். தலையை ஆட்டினேன்.

அப்போதுதான் கவனித்தேன். கால் இரண்டு, ஷூ இரண்டு. இரண்டுக்கும் சோல் தனியாக, மேல்தோல் தனியாகக் கிடந்தது. தூக்கிவாரிப்போட்டது.

"வலதுகால் ஷூவுக்கு இன்னா ஆச்சு? அது நல்லாத்தானே இருந்தது?"

"நல்லாத்தான் இருந்தது. நான்தான் பிரிச்சேன்."

"எதுக்கு?"

"ஜோடி எஸ்தரு" என்றார், இதைப் போய்க் கேட்கிறாயே என்பதுபோல. "ஒண்ணு ரீவொர்க்குன்னா ரெண்டும் ரீவொர்க்."

ஆம்பூர்ப் பக்கம் ஷூ வேலை பார்த்தவர்களோடு வாழ்ந்திருந்தால் இது புரியும். அவர்களுக்கு ஒற்றை ஷூ என்று ஒன்று கிடையாது. ஒரே தோலில் வெட்டி, ஒரே நேரத்தில் தைத்து, ஒரே கை பட்டு வர வேண்டும். ஒன்றில் குறை என்றால் இரண்டையும் லைனிலிருந்து எடுத்து, இரண்டுக்கும் அதே வேலையைச் செய்வார்கள். இல்லையென்றால் ஒன்று புதுசாகவும் ஒன்று பழசாகவும் தெரியும், பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணை உறுத்தும். ஜோடியைப் பிரித்துவிட்டான் என்பது அங்கே திட்டுகிற வார்த்தை. எங்கள் வீட்டில் செருப்பு ஒன்று வாசலிலும் ஒன்று ஹாலிலும் கிடந்தால் இவருக்குச் சோறு இறங்காது.

மத்தியானத்துக்குள் இரண்டையும் ஒட்டி, சைக்கிள் டியூபால் சுற்றிக் கட்டி, வெயில் வராத நாட்டில் ஜன்னலோரம் காயவைத்தார். கட்டுப்போட்ட பேஷண்ட் இரண்டு பேர் அங்கே படுத்திருக்கிறாற்போல் இருந்தது. அடுத்த ஞாயிறு அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு சர்ச்சுக்கு வந்தார். எந்த இடத்தில் பிளந்திருந்தது என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த ஒரு வாரம் அவர் நன்றாகச் சாப்பிட்டார். எனக்கும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

4

மாட்டிவிட்டது ஹேர் ட்ரையர். தலைக்குக் குளித்துவிட்டு ஸ்விட்ச் போட்ட ஷீபா, மூக்கைப் பொத்திக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். முடியெல்லாம் சொல்யூஷன் வாடை. அவள் கேட்டதும் இவர் என்னைப் பார்த்தார், நான் அடுப்பைப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

இங்கிலீஷில் ஆரம்பித்தாள். பாதிக்கு மேல் எனக்குப் புரிந்தது, மீதியை அவள் கை சொன்னது. அவளுக்குத் தெரிந்த சட்டம் இது. வாங்கிய பொருள் குறையுள்ளது என்றால் முதல் மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கலாம். ஆறு மாதத்துக்குள் கெட்டால் கடைக்காரன் சரிசெய்யவோ மாற்றித் தரவோ வேண்டும். விற்கும்போது நன்றாகத்தான் இருந்தது என்று நிரூபிப்பது அவன் தலைவலி. செய்த கம்பெனியைப் போய்க் கேள் என்று கை கழுவ முடியாது, பணம் வாங்கினவன்தான் பதில் சொல்ல வேண்டும். இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், பேக்கரியில் சேர்ந்த முதல் நாள் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்களாம். ஒரு பன்னில் முடி இருந்தால்கூட வாயைத் திறக்காமல் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"ரைட்ஸ்க்குத் தமிழ்ல இன்னா மம்மி?" என்றாள் நடுவில்.

உரிமை என்றேன்.

"அது எனக்கு இருக்கு. எனக்குச் சொல்லாம நீங்க ரெண்டு பேரும் அதை எடுத்துட்டீங்க."

எனக்குச் சுருக்கென்றது. எங்களுக்கு உரிமை என்றால் சொந்தக்காரர்களிடம் காட்டுவது. உரிமையோடு அண்ணன் வீட்டில் போய்ச் சாப்பிடலாம், உரிமையோடு தங்கச்சியைத் திட்டலாம். கடைக்காரனிடம் போய் உரிமை என்று நின்றதில்லை. அங்கே கெஞ்சுவோம், இல்லாவிட்டால் கத்துவோம்.

கல்யாணமான புதிதில் வேலூரில் ஒரு மிக்ஸி வாங்கினோம். இரண்டாம் மாதமே ஜாரின் அடியில் சட்னி ஒழுகியது. கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். "விற்ற பொருள் வாபஸ் பெறப்பட மாட்டாது" என்று சுவரில் எழுதியிருந்ததை முதலாளி விரலால் காட்டினார். ரிப்பேராவது செய்து கொடுங்கள் என்றேன், அது கம்பெனி பொறுப்பு, நாங்கள் விற்கிறதோடு சரி என்றார். எத்தனை தடவை நடந்தேனோ. போகும்போதெல்லாம் உட்கார வைத்து டீ கொடுத்தார், மனுஷர் தங்கமானவர். மிக்ஸியைத் தவிர எல்லாம் கொடுத்தார். கடைசியில் பேஜாராகிப் போய் வீட்டுக்கே எடுத்து வந்தேன். இவர்தான் கம்பெனியிலிருந்து ஒரு துண்டு ரப்பர் கொண்டுவந்து வாஷர் வெட்டிப் போட்டார். நாங்கள் விமானம் ஏறும் வரைக்கும் அந்த மிக்ஸி ஓடியது.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது, மாவட்டத்துக்கு மாவட்டம் நுகர்வோர் கோர்ட்டும் இருக்கிறது. அந்த மிக்ஸியை அங்கே கொண்டுபோயிருக்கலாம் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது யாருக்குத் தோன்றியது? ஒழுகினால் அடைக்கிறவர் வீட்டிலேயே இருந்தார்.

5

ஷீபா விடவில்லை. கடைக்கு எழுதினாள். முதலில் பதில் சொன்னது மெஷின். அது அவளிடம் ஷூவின் நிறம் என்ன, அளவு என்ன என்று கேட்டுவிட்டு, வேறு உதவி வேண்டுமா என்றது. பிறகு ஒரு மனிதர் பதில் எழுதினார், செய்த கம்பெனியைத் தொடர்புகொள்ளும்படி. வேலூரில் டீ கொடுத்தவர் சொன்ன அதே வாக்கியம், இங்கே டீ மட்டும் இல்லை. அது உங்கள் பொறுப்பு என்று ஷீபா சட்டத்தின் பெயரைப் போட்டு எழுதினாள். சில நாள் கழித்து, மிகவும் வருந்துகிறோம், ஷூவோடு கடைக்கு வாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று வந்தது.

ஒரு சனிக்கிழமை அவள் வேலைக்கு லீவு போட்டாள், நானும் லீவு. மூன்று பேரும் பஸ் ஏறினோம். ஷூ பெட்டிக்குள் இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு இவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஷூ நன்றாக இருக்கிறது, நான் போட்டுக்கொண்டிருக்கிறேன், இதற்கு எதற்குப் போவது என்று காலையிலிருந்து பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார். அவளுக்குக் காதில் ஏறவில்லை. பணம் திரும்ப வந்தால் வேறு நல்ல ஷூவாக, தானே பார்த்து வாங்கித் தருவாளாம்.

மேனேஜர் சின்னப் பையன்தான், முப்பது இருந்தால் ஜாஸ்தி. நல்ல மரியாதை. ஷீபா நின்ற நிலையில் எல்லாம் சொன்னாள், அழகாகச் சொன்னாள். என் பெண்ணா இது என்று எனக்கே பெருமையாக இருந்தது. அவர் கையுறை போட்டுக்கொண்டு ஷூவை எடுத்தார். திருப்பினார், மடக்கினார், விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எங்கே பிளந்தது என்று கேட்டார். இடதுகால் மூக்கு என்று இவர் விரலால் காட்டினார். படம் எடுத்திருக்கிறீர்களா என்றார். ஷீபா எங்களைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கே தெரியாமல் மறைத்தோம், இதில் படம் வேறு எங்கே எடுப்பது?

மேனேஜர் வலதுகால் ஷூவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றை ஒட்டி, ஒன்றை விட்டிருந்தால் வித்தியாசமாவது தெரிந்திருக்கும். இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல் இருந்தன. என் வீட்டுக்காரர் வேலைதான் ஜோடி ஜோடியாக இருக்குமே.

குறை எதுவும் தெரியவில்லையே என்றார் அவர். ஒட்டின பசை வேறு, கடையில் வந்த பசை வேறு, அதையாவது பாருங்கள் என்றாள் ஷீபா. அதெல்லாம் தனக்குத் தெரியாது என்றார். சரி, இழுத்துப் பாருங்கள், இது ஒட்டினது என்று தெரியும் என்றாள். அவரும் பாவம், இரண்டு கட்டைவிரலையும் கொடுத்து இழுத்தார். முகம் சிவந்தது. இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டு ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி இழுத்தார். ஷூ அசையவில்லை.

ஷீபா திரும்பினாள். "டாடி, நீங்க பிரிங்க. உங்களுக்குத்தான் எப்படிப் பிரிக்கிறதுன்னு தெரியுமே. பிரிச்சுக் காட்டுங்க."

கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். இவர் ஷூவைக் கையில் வாங்கினார். ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினார். எங்கே நெம்பினால் வரும் என்று அவருக்குத் தெரியும். மேனேஜர் மேஜை மேல் ஒரு கத்திரிக்கோல்கூட இருந்தது. பிரித்தால் அவள் ஜெயிப்பாள். வாங்கிக் கொடுத்த பணம் திரும்ப வரும், அவள் முகம் மலரும். அவர் அவளைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார்.

"என்னால முடியாதும்மா" என்றார்.

மேனேஜருக்கு விஷயம் புரியவில்லை. ஷூவை வாங்கி, தானே பெட்டியில் வைத்து, இது நன்றாகச் செய்த ஷூ, பத்திரமாக வைத்துக்கொண்டால் பல வருடம் வரும் என்று இவரிடம் கொடுத்தார். குறையில்லாத பொருளுக்குப் பணம் தர வழியில்லை என்று வருத்தமும் தெரிவித்தார்.

என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? நிமிர்ந்து நின்று, "தேங்க் யூ சார்" என்றார். ஆம்பூரில் இன்ஸ்பெக்ஷன் முடிந்து லாட் பாஸான அன்றைக்கு அவர் குரல் இப்படித்தான் இருக்கும். பத்து வருடமாக நான் அதைக் கேட்கவில்லை.

6

திரும்பும் பஸ்ஸில் ஷீபா எங்களுக்கு முன் சீட்டில் தனியாக உட்கார்ந்தாள். பாதி வழியில் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் தமிழில்தான் பேசினாள்.

"நான் குடுத்தது நல்லதா இருக்கணும்னுதானே கேட்டேன். யாரு டாடி உங்களை ரிப்பேர் பண்ணச் சொன்னது?"

இவர் பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"கடையில குடுத்தா எடுத்துக்குவாங்கம்மா. குப்பையில போட்டுருவாங்க. நீ குடுத்தது எங்கிட்டயே இருக்கட்டும்னு நெனச்சேன்."

அவள் முன்னால் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போய் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் வீட்டில் பேச்சு கம்மி. தட்டு வைக்கும் சத்தம், கெட்டில் சத்தம், ஹாய், பை. கிடங்கிலிருந்து வருவார், சாப்பிடுவார், போய்ப் படுப்பார். ஞாயிற்றுக்கிழமை அந்த ஷூவைப் போடாமல் பழைய கறுப்பு ஷூவையே போட்டார். சீட்டி சத்தம் நின்றுவிட்டது.

இருவருக்கும் நடுவில் நான். யார் பக்கம் பேசுவது? சட்டப்படி அவள் சொன்னது சரி. நம்மவர்கள் பொறுத்துக்கொண்டும் ஒட்டுப்போட்டுக்கொண்டும் போகிறதால்தான் கடைக்காரன் மோசமான பொருளை விற்றுக்கொண்டே இருக்கிறான். ஆனால் இந்த மனுஷருக்கு இந்த நாட்டில் கைக்கு வந்த ஒரே வேலை அது. அதையும் தப்பு என்று எப்படிச் சொல்வது? எனக்கு அலுப்பாக இருந்தது. இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேச வேண்டும் என்று நினைப்பேன், அதற்குள் டியூட்டிக்கு நேரமாகிவிடும்.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது இதுதான். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். பொருள் கெட்டால் கை வைப்பதற்கு முன்னால் படம் எடுங்கள். கம்பெனியைக் கேள் என்றால் உன்னிடம்தான் வாங்கினேன் என்று சொல்லுங்கள். வீட்டில் ஷூ கம்பெனிக்காரர் இருந்தால், அவர் கண்ணில் படுவதற்கு முன்னால் இதையெல்லாம் செய்து முடியுங்கள்.

போன சனிக்கிழமை நைட் டியூட்டி முடிந்து வந்தேன். ஷீபா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பின்கதவுப் பக்கம், கொட்டகைக்குப் போகும் வழியில், நியூஸ்பேப்பர் மேல் அவளுடைய குளிர்கால பூட்ஸ் இருந்தது. வலதுகாலில் குதிகால் பக்கம் சோல் பிய்ந்து தொங்கியது.

இதற்கும் கடைக்குப் போகவில்லையா என்று கேட்டேன். கோட் பட்டனைப் போட்டுக்கொண்டே தமிழில் சொன்னாள்.

"போட்டோ எடுத்து அனுப்பிட்டேன். பணம் வந்துடுச்சு மம்மி. பூட்ஸ் எங்களுக்கு வேணாம், நீயே வச்சுக்கோன்னுட்டாங்க. டாடி எழுந்தா காட்டுங்க."

குனிந்து பார்த்தேன். இடதுகால் பூட்ஸில் ஒரு கீறல்கூட இல்லை.

"இது நல்லாத்தானே கீது? இதை எதுக்குடி வச்சிருக்கே?"

அவள் கதவைத் திறந்தாள்.

"ஜோடி, மம்மி."

சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். இரண்டு பூட்ஸுக்கும் நடுவில் அவளுடைய ஹேர் ட்ரையர் இருந்தது.